புகைக்கு ஒரு வழி, காற்றுக்கு ஒரு வழி

கேமரன் மலைத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தெட்டு வருஷம் பிட்டராக இருந்தேன். 1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல் இந்த மலையில் கொழுந்து பறித்த நம் பெண்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்தக் கொழுந்தைக் காயவைக்கும் காற்றைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. போன வருஷம் டொராண்டோவில் மகள் வீட்டு பேஸ்மெண்டில் நின்றபோதுதான் நானே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு தண்ணீர். தூளாகும்போது 3 பங்குதான் மிஞ்ச வேண்டும். இடையில் உள்ள அத்தனை தண்ணீரையும் வெளியேற்றுவது காற்றுதான். முதலில் கம்பி வலை மேல் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து ஃபேன் போட்டு வாட்டுவோம். காம்பை வளைத்தால் ஒடியாமல் மடங்க வேண்டும், அதுதான் பதம். வெயில் நாளில் வெறும் காற்றே போதும். மழையும் பனியுமான நாளில் காற்றே ஈரமாக இருக்கும், அது கொழுந்தின் ஈரத்தை எடுக்காது. அப்போது உலைச் சூட்டை அளவாகக் கலந்து விடுவோம். சூடு கொஞ்சம் கூடினாலும் கொழுந்தின் ஓரம் கருகிவிடும்.

கடைசியில் டிரையர். உலையில் விறகு எரியும். புகை இரும்புக் குழாய்களுக்குள்ளே ஓடிப் புகைபோக்கி வழியாக மேலே போய்விடும். குழாய்களுக்கு வெளியே ஓடும் சுத்தமான காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு, ஏறக்குறைய 100 டிகிரியில் தேயிலைக்குள் புகும். புகையும் காற்றும் ஒரே இரும்பைத் தொட்டாலும் ஒன்றையொன்று தொடக் கூடாது.

ஒருநாள் தேநீர் ருசி பார்ப்பவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “புகை வாடை அடிக்குது” என்றார். எங்கள் மூக்குக்கு எதுவும் தெரியவில்லை. உலையை அணைத்து, இரவு முழுக்க ஆறவிட்டு, விடிந்ததும் டார்ச் லைட்டோடு உள்ளே தவழ்ந்தேன். மூன்றாவது வரிசைக் குழாயில், வெல்டிங் ஓரத்தில், தலைமுடி அளவுக்கு ஒரு வெடிப்பு. அதைச் சுற்றி மட்டும் கரி விசிறி போல் படிந்திருந்தது. குழாய் பழசும் இல்லை. ஃபேன் பெல்ட் தளர்ந்து காற்று குறைந்திருக்கிறது. சூட்டை எடுத்துப்போக ஆளில்லாமல் குழாய் பழுத்துப் பழுத்து வெடித்துவிட்டது. காற்றைக் குறைத்தால் இரும்பு சாகும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

தேயிலையை இப்படி இயந்திரத்தில் காயவைக்க வழிசெய்தவர்களில் முக்கியமானவர் சாமுவேல் டேவிட்சன். அசாமின் கச்சார் பகுதியில் தேயிலைத் தோட்டம் நடத்திய அயர்லாந்துக்காரர். 1881-ல் பெல்ஃபாஸ்டில் தொடங்கிய தன் ஆலைக்குச் சஹாரா பாலைவனத்திலிருந்து வீசும் சூடான காற்றின் பெயரை வைத்தார்: சிராக்கோ. 1898-ல் முன்பக்கம் வளைந்த சிறு தகடுகளை உருளைபோல் அடுக்கிய ஒரு ஃபேனுக்குக் காப்புரிமையும் பெற்றார்.

டொராண்டோவில் மகள் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னேஸின் மூடியைத் திறந்ததும் அதே மாதிரி ஃபேன்தான் எதிரே இருந்தது. மனசு நிறைந்துபோனது. தேயிலைக்காரன் தேடிய காற்று குளிர்தேசத்து வீடுகளில் பிள்ளைகளைச் சூடாக வைத்திருக்கிறது.

ஆனால் அந்த ஃபர்னேஸ் இரவெல்லாம் எரிவதும் அணைவதுமாக இருந்தது. நெருப்பு நின்ற பிறகும் ஃபேன் மட்டும் ஓடும். ஃபில்டரை உருவினேன். சாம்பல் நிறத்தில் கம்பளி போலத் தூசி. காற்று உள்ளே போக வழியில்லை. வெப்பம் எல்லை மீறியதும் பாதுகாப்பு சுவிட்ச் நெருப்பை அணைத்திருக்கிறது. இப்படியே விட்டிருந்தால் எங்கள் குழாய்க்கு வந்த கதிதான். அங்கே தூள் கெட்டது. வீட்டிலோ கசிவது கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

அடியில் ஒரு பிளாஸ்டிக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. “நெருப்புப் பெட்டியில தண்ணி எப்படிப்பா வருது?” என்று கேட்டாள் மகள். எரிவாயு எரிந்தாலே தண்ணீர் பிறக்கும். ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் இரண்டேகால் கிலோ. பழைய ஃபர்னேஸ் அதை ஆவியாகவே வெளியே விட்டுவிடும். சிக்கனமான புதிய வகை, புகையிலிருந்து கடைசிச் சூட்டையும் எடுத்துவிடுவதால் ஆவி தண்ணீராகிறது. இந்தத் தண்ணீரில் லேசான அமிலம் உண்டு, அதனால்தான் பிளாஸ்டிக் குழாய். குழாய் வழிநெடுகச் சரிவாக இருக்க வேண்டும், நடுவில் தொய்யக் கூடாது. வழியில் ஒரு வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். புகைவாயு அந்த வழியாக வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். அந்த வளைவு அடைத்துக்கொண்டால் தண்ணீர் பின்வாங்கி ஃபர்னேஸ் நின்றுவிடும்; தண்ணீர் வற்றிவிட்டால் தடுப்பு போய்விடும். மகளுடைய வளைவில் பாசி மாதிரி வழுவழுப்பு. ஃபர்னேஸை அணைத்துவிட்டுக் கழுவி, தண்ணீர் நிரப்பி மாட்டினேன். ஃபில்டரும் புதுசு. அன்றிரவு அது ஒரே சீராக ஓடியது. எரிவாயுக் குழாயிலும் பர்னரிலும் நான் கை வைக்கவில்லை, அது உரிமம் பெற்றவர் வேலை.

எங்கள் மலையில் வீட்டுக்கு ஃபர்னேஸ் கிடையாது. ஆனால் குளியலுக்குக் கேஸ் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் உண்டு. மலையில் உள்ள தானா ராத்தா ஊர் 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கீழே இருப்பதைவிட இங்கே காற்று எட்டில் ஒரு பங்கு மெலிந்தது. அதே நெருப்புக்கு இங்கே அதிகக் காற்று வேண்டும். நாமோ குளிருக்குப் பயந்து ஜன்னலை இறுக மூடுகிறோம். சிலிண்டரில் வரும் தோம்பு கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தங்கும். அதனால் தரையோரம் ஒரு திறப்பு வேண்டும், புகை வெளியே போக மேலே தனிக் குழாய் வேண்டும்.

கேஸ் ஹீட்டர் குளியலறைக்கு உள்ளேயே மாட்டியிருந்தால் இந்த வாரமே ஆள் கூப்பிட்டு வெளியே மாற்றுங்கள். கனடாவில் பிள்ளைகள் இருந்தால் இன்றே போன் போட்டு, ஃபில்டரை எப்போது மாற்றினார்கள், கார்பன் மோனாக்சைடு அலாரத்தில் பேட்டரி இருக்கிறதா என்று கேளுங்கள்.