களையை அடக்கும் வைக்கோல்

பஞ்சாப், அரியானா மாநிலங்களின் கோதுமை வயல்களில் உழவருக்குப் பெருந்தொல்லை தருவது 'குல்லி டண்டா' என்னும் புல்வகைக் களையாகும். இளம் பருவத்தில் கோதுமையிலிருந்து இதனைப் பிரித்தறிவது அரிது. ஆகவே கைக்களையெடுப்பு போதிய பயன் தருவதில்லை. ஐசோபுரோட்டுரான் என்ற களைக்கொல்லிக்கு அடங்காத களைகள் 1990-களின் தொடக்கத்தில் அரியானாவில் தோன்றின. பின்னர் வந்த மருந்துகள் சிலவும் வலுவிழந்தன.

மருந்து கைவிடும்போது விதையின் இயல்பே வழிகாட்டுகிறது. களையின் விதை மிகச் சிறியது. அதிலுள்ள உணவுச் சேமிப்பும் குறைவு. எனவே மேல்மண்ணில் கிடப்பவையே பெரிதும் முளைத்து வெளிவருகின்றன. கோதுமை விதையோ பெரியது, 5 செ.மீ. ஆழத்திலிருந்தும் எழவல்லது. மீண்டும் மீண்டும் உழுதால், ஆழத்தில் உறங்கும் களைவிதைகள் மேலே வந்துவிடுகின்றன.

நெல் அறுவடைக்குப் பின் எஞ்சும் வைக்கோலை நிலப்போர்வையாகப் பரப்பினால், அது ஒளியைத் தடுத்து, மண்ணின் வெப்ப ஏற்றத்தாழ்வைத் தணித்துக் களைமுளைப்பைக் குறைக்கிறது. போர்வை மெல்லியதாயின் பயனும் குறையும். வைக்கோலை எரித்தாலோ, சாம்பல் மண்ணிலிடும் களைக்கொல்லியை ஈர்த்துக்கொண்டு அதன் ஆற்றலைக் குறைக்கிறது, காற்றும் மாசுறுகிறது.

வைக்கோலினூடே கோதுமையை விதைக்கும் 'ஹேப்பி சீடர்' போன்ற கருவிகளைத் தனித்து வாங்கும் வசதி சிறு உழவருக்கு இல்லை. 2018-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம், இத்தகைய கருவிகளுக்குத் தனி உழவருக்கு 50 விழுக்காடும், கூட்டுறவுச் சங்கங்கள், வாடகை மையங்கள் முதலியவற்றுக்கு 80 விழுக்காடும் மானியம் வகுத்தது. நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடைப்பட்ட காலம் சில வாரங்களே. அதற்குள் கருவி வயலை எட்டினால்தான் மானியம் பயனுறும். இல்லையேல் தீக்குச்சியே உழவருக்கு மலிவான கருவியாக நிலைத்துவிடும்.