சாஃப்ட்வேர் லேட் ஆனது அவங்களால... வட்டி மட்டும் நம்ம தலையிலயா?

ரிட்டர்ன் சீசன் ஒருவழியா முடிஞ்சிடுச்சு. இந்த 2025 சீசன்ல எங்க ஆபீஸ் போன்ல அதிகமா வந்த கேள்வி ஒண்ணுதான்: "மேடம், ஐடிஆர்-2 எப்ப வரும்?"

அப்படிக் கேட்டவர்ல ஒருத்தர் சென்னை ஓஎம்ஆர்-ல சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறார். மே மாசம் போன் பண்ணார். "நாங்க ஒரு ரிலீஸ் ரெண்டு நாள் தள்ளிப் போனாலே கஸ்டமருக்கு விளக்கம் எழுதிக் கொடுக்கணும். இவங்க எப்ப வரும்னு ஒரு தேதியாவது சொல்லலாம்ல?" அந்தக் கோபத்துல நியாயம் இருந்துச்சு. நானும் "ஃபார்ம் வரட்டும், பாத்துக்கலாம்"னு சொல்லி போனை வெச்சுட்டேன்.

அந்த ஒரு பதிலால அவருக்கு ரூ.2,496 கூடுதலா செலவாச்சு. எப்படின்னு சொல்றேன். இது உங்களுக்கும் நடக்கலாம்.

ஏன் இவ்வளவு லேட்?

2024 ஜூலை 23-ம் தேதி மூலதன ஆதாய வரி விகிதம் மாறுச்சு. பங்கு, ஈக்விட்டி ஃபண்டை ஒரு வருஷத்துக்குள்ள வித்தா 15% இருந்த வரி 20% ஆச்சு. ஒரு வருஷத்துக்கு மேல வெச்சிருந்து வித்தா 10% இருந்தது 12.5% ஆச்சு. நிதியாண்டுக்கு நடுவுல மாறினதால, அந்தத் தேதிக்கு முன்னாடி வித்தது, பின்னாடி வித்ததுன்னு ஃபார்ம்ல தனித்தனியா காட்ட வேண்டியதாச்சு. அதுக்கு ஏத்த மாதிரி சாஃப்ட்வேரையும் மாத்தி, டெஸ்ட் பண்ணணும்.

மே 27-ம் தேதி சிபிடிடி அறிவிப்பு வந்துச்சு. ஃபார்ம்ல பெரிய மாற்றங்கள் இருக்கு, யூட்டிலிட்டி தயாராக நேரம் வேணும்னு சொல்லி, ஜூலை 31 கெடுவை செப்டம்பர் 15-க்குத் தள்ளி வெச்சாங்க. ஐடிஆர்-2, ஐடிஆர்-3 எக்செல் யூட்டிலிட்டி ஜூலை 11-ம் தேதிதான் வந்துச்சு. கடைசியில செப்டம்பர் 15 ராத்திரி, நிறைய பேர் லாகின் ஆக முடியாம திண்டாடிக்கிட்டு இருந்தப்போ, இன்னும் ஒரே ஒரு நாள் நீட்டிப்பு. அந்த அறிவிப்பு வர்றதுக்குள்ள பாதிப் பேர் அடிச்சுப் பிடிச்சு ரிட்டர்ன் போட்டு முடிச்சிருந்தாங்க.

தள்ளிப் போனது எது, போகாதது எது?

இங்கதான் நிறைய பேர் ஏமாந்தாங்க. கெடு நீட்டிப்புன்னா ரிட்டர்ன் தாக்கல் பண்ற தேதிதான் தள்ளிப் போகுது. வட்டி விஷயத்துல ரெண்டு மீட்டர் ஓடுது.

பிரிவு 234ஏ: ரிட்டர்ன் லேட்டா போட்டா, பாக்கி வரிக்கு மாசம் 1% வட்டி. கெடு தள்ளிப் போனா இதுவும் தள்ளிப் போகும்.

பிரிவு 234பி: அட்வான்ஸ் டாக்ஸ் சரியா கட்டலைன்னா மாசம் 1% வட்டி. இது ஏப்ரல் 1-லயே ஓட ஆரம்பிச்சுடும். நீங்க பாக்கியைக் கட்டுற வரைக்கும் ஓடும். யூட்டிலிட்டி வந்துச்சா, போர்ட்டல் வேலை செய்யுதான்னு எல்லாம் அது பார்க்காது.

டிடிஎஸ் போக வரி பாக்கி ரூ.10,000 அல்லது அதுக்கு மேல வந்தா அட்வான்ஸ் டாக்ஸ் கட்டணும். "எனக்கு சம்பளம் மட்டும்தானே, கம்பெனி பிடிச்சுடுதே"ன்னு இருக்கறவங்க பங்கு வித்த வருஷத்துல மாட்டுறது இதனாலதான்.

அந்தக் கணக்கைப் பாருங்க

நம்ம டெஸ்டிங் நண்பர் 2024 செப்டம்பர்ல பங்கு வித்து ரூ.3 லட்சம் குறுகிய கால லாபம் பார்த்தார். 20% வரி ரூ.60,000. அதுக்கு 4% செஸ் ரூ.2,400. மொத்தம் ரூ.62,400. கம்பெனிக்கு இந்த லாபம் தெரியாது, அதனால டிடிஎஸ் பிடிக்கல. அட்வான்ஸ் டாக்ஸும் கட்டல.

234பி வட்டி மாசத்துக்கு ரூ.624. மாசத்துல ஒரு நாள் ஆனாலும் முழு மாசக் கணக்குதான்.

மே 20-ம் தேதி கட்டியிருந்தா 2 மாசம்: ரூ.1,248.
யூட்டிலிட்டி வந்த மறுநாள், ஜூலை 12 கட்டியிருந்தா 4 மாசம்: ரூ.2,496.
அவர் கட்டினது செப்டம்பர் 12. 6 மாசம்: ரூ.3,744.

தவணை தவறினதுக்கு 234சி வட்டி தனி. அது எப்ப கட்டினாலும் மாறாது.

"லேட் பண்ணது அவங்க, வட்டி நான் ஏன் கட்டணும்?"னு கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா சட்டம் பார்க்கறது ரிலீஸ் தேதியை இல்ல, வரி எப்ப வந்து சேர்ந்துச்சுன்னு மட்டும்தான். மே மாசமே அவர்கிட்ட புரோக்கர் கொடுத்த லாப நஷ்ட ஸ்டேட்மென்ட் இருந்துச்சு. வரியைக் கணக்கு போட அது போதும். "ஃபார்ம் வராட்டி பரவாயில்ல, பணத்தை இன்னிக்கே கட்டிடுங்க"ன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. அது என் தப்பு.

இது புதுசும் இல்ல. 2021 ஜூன் 7-ம் தேதி புது போர்ட்டல் வந்தப்போ பட்ட பாடு ஞாபகம் இருக்கும். மறுநாளே நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், அதை உருவாக்கின இன்ஃபோசிஸையும் நந்தன் நீலேகனியையும் குறிப்பிட்டு ட்விட்டர்ல எழுதினார். ஆகஸ்ட் 23-ம் தேதி சிஇஓ சலில் பரேக்கை நேர்ல கூப்பிட்டு விளக்கம் கேட்டார். கெடு டிசம்பர் 31 வரை போச்சு. ஆனா அந்த வருஷமும், வரி பாக்கி ரூ.1 லட்சத்தைத் தாண்டினவங்களுக்கு 234ஏ வட்டியில கூட சலுகை கிடையாதுன்னுதான் சொன்னாங்க.

அடுத்த தடவை என்ன பண்ணணும்?

1. ரிட்டர்ன் வேற, வரி வேற. ஐடிஆர் யூட்டிலிட்டி இல்லாமலே வரி கட்டலாம். போர்ட்டல்ல 'இ-பே டாக்ஸ்' பகுதிக்குப் போங்க, லாகின் கூட வேண்டாம். பான் நம்பர், மொபைல் ஓடிபி போதும். மதிப்பீட்டு ஆண்டைச் சரியா பார்த்து, செல்ஃப் அசெஸ்மென்ட் டாக்ஸ் (300) தேர்ந்தெடுங்க. வட்டியையும் சேர்த்தே கட்டுங்க. ஏன்னா நீங்க கட்டுற பணத்துல முதல்ல வட்டியைக் கழிச்சுட்டுத்தான் மீதியை வரியில வைப்பாங்க. சலானை பத்திரமா வைங்க, ரிட்டர்ன்ல அந்த நம்பர் கேட்கும்.

2. ஃபார்ம் வரலைங்கிற எரிச்சல்ல தப்பான ஃபார்ம்ல போடாதீங்க. ஐடிஆர்-1 சீக்கிரம் வந்துடுச்சுன்னு குறுகிய கால லாபத்தை விட்டுட்டு தாக்கல் பண்ணவங்க இருக்காங்க. அந்த விற்பனை உங்க ஏஐஎஸ்-ல இருக்கு. நோட்டீஸ் வரும்.

3. ரீஃபண்ட் வர வேண்டியவங்க ரொம்ப பதற வேண்டாம். கெடுவுக்குள்ள போட்டா ஏப்ரல் 1-லிருந்து மாசம் 0.5% வட்டி உண்டு. ரீஃபண்ட் தொகை உங்க மொத்த வரியில 10%-க்குக் குறைவா இருந்தா மட்டும் கிடையாது. வர்ற வட்டிக்கும் வரி உண்டு, மறந்துடாதீங்க.

4. நீட்டிப்பு வரும்னு காத்திருக்காதீங்க. கெடு தாண்டினா ரூ.5,000 வரை லேட் ஃபீஸ். பங்கு நஷ்டத்தை அடுத்த வருஷத்துக்குக் கொண்டு போக முடியாது. பழைய வரி முறையையும் தேர்ந்தெடுக்க முடியாது. போர்ட்டல் படுத்துட்டா தேதி, நேரத்தோட ஸ்கிரீன்ஷாட் எடுத்து, போர்ட்டல்லயே புகாரும் போட்டு வைங்க.

இந்த வருஷம் ஏற்கனவே பங்கு வித்து லாபம் பார்த்திருக்கீங்களா? டிசம்பர் 15, மார்ச் 15 அட்வான்ஸ் டாக்ஸ் தேதிகள் இன்னும் கையில இருக்கு. இல்லைன்னா அந்த லாபத்தை உங்க கம்பெனில டிக்ளேர் பண்ணிடுங்க, சம்பளத்துலயே பிடிச்சுப்பாங்க. அப்புறம் யூட்டிலிட்டி ஜூலைல வந்தாலும் சரி, ஆகஸ்ட்ல வந்தாலும் சரி, உங்க மீட்டர் ஓடாது.

நம்ம நண்பர் இந்தத் தடவை முந்திக்கிட்டார். போன வாரம் போன் பண்ணி, "மேடம், டிசம்பர் தவணைக்கு எவ்வளவு கட்டணும்?"னு கேட்டார். தொகையை அன்னிக்கே கணக்கு போட்டு அனுப்பிட்டேன்.