அட்டையில் 1000 வாட், அடாப்டரில் 5 வாட்

கொல்லிமலையின் ஆலத்தூர் நாட்டில் வாங்கிய கணினி ஸ்பீக்கர் ஒரு மாதத்தில் மக்கர் செய்தால், அதைத் தூக்கிக்கொண்டு சேந்தமங்கலத்துக்கோ நாமக்கல்லுக்கோதான் இறங்க வேண்டியிருக்கும். காரவள்ளி வழியாகப் போனால் 70 கொண்டை ஊசி வளைவுகள். 500 ரூபாய்ப் பொருளுக்குப் பஸ் செலவும் ஒருநாள் கூலியும் போய்விடும். அதனால் மலையில் இருப்பவர்கள் காசு கொடுக்கும் முன்பே இந்தப் பொருளால் எது முடியும், எது முடியாது என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஸ்பீக்கருக்கான தேவை உண்மையானது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவர்களின் வீடுகளுக்குக் கணினி வந்தது. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது; அடுத்த ஆண்டு கொரோனாவில் பள்ளிகள் மூடியபோது பாடமே திரைக்கு வந்துவிட்டது. மடிக்கணினியின் அடியில் இருக்கும் ஸ்பீக்கர் ஒருவர் கேட்கப் போதும். நான்கு பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்தாலோ, தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டாலோ ஒரு சொல்லும் காதில் விழாது. அப்போதுதான் 300, 500 ரூபாய் ஸ்பீக்கரைத் தேடுகிறோம்.

கடையில் முதலில் கண்ணில் படுவது அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்: 1000 வாட், சிலவற்றில் 2000 வாட். பக்கத்திலேயே பொடி எழுத்தில் 'பி.எம்.பி.ஓ.' என்று இருக்கும். இந்த எண்ணை நம்பாதீர்கள். பெட்டியைத் திறந்து அடாப்டரில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். '5 வோல்ட், 1 ஆம்பியர்' என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 5 வாட். உள்ளே போவதே 5 வாட் என்றால் வெளியே 1000 வாட் எங்கிருந்து வரும்? உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையரும் சூடாகி ஒரு பங்கைத் தின்றுவிடும். அடாப்டரே இல்லாமல் யூ.எஸ்.பி. வயரில் ஓடுவது என்றால் கணக்கு இன்னும் சிறியது. பழைய யூ.எஸ்.பி. துளை முறைப்படி தருவது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட். இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து அதைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டுச் சுவரில் உள்ள சாதாரண 6 ஆம்பியர் பிளக்கிலிருந்து எடுக்கக்கூடிய மின்சாரமே சுமார் 1400 வாட்தான். 2000 வாட் என்று போட்ட ஸ்பீக்கர் அந்தத் துளையில் நிம்மதியாக ஓடுகிறது என்பதே அந்த எண் பொய் என்பதற்குச் சாட்சி. பி.எம்.பி.ஓ. அளக்க எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை எதுவும் கிடையாது. ஒரு நொடியில் மிகச் சிறு பகுதிக்கு மட்டும் பொங்கும் சக்தியைக் கணக்கிட்டு, அதையும் இஷ்டத்துக்குப் பெருக்கிப் போடுகிறார்கள். அமெரிக்காவில் இதுபோன்ற வாட் விளையாட்டைத் தடுக்க 1974-லேயே வீட்டு ஆம்ப்ளிஃபையர்களுக்கு விதி கொண்டுவந்தார்கள். நாம் பார்க்க வேண்டியது 'ஆர்.எம்.எஸ்.' என்று குறித்த எண். தொடர்ந்து தரக்கூடிய சக்தி அதுதான். அதுவே இல்லாத பெட்டி என்றால் அடாப்டர் கணக்கைப் போட்டு, அதில் பாதி, மிஞ்சினால் முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாட் குறைவாக இருப்பது மட்டும் பெரிய குறை இல்லை. 5 வாட்டை 10 வாட் ஆக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும்; காதுக்கு 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்று மட்டும் தெரியும். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். சிறிய ஸ்பீக்கரில் கொடுக்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ஒலியாக மாறாது, மிச்சமெல்லாம் சூடு. கோயில் திருவிழாவில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கி குறைந்த வாட்டிலும் ஊர் முழுக்கக் கேட்பதற்குக் காரணம் அந்தக் கூம்பின் வடிவம். அது மின்சாரத்தைப் பல மடங்கு திறமையாக ஒலியாக்கி ஒரே திசையில் தள்ளுகிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறைந்துகொண்டே போகும். கணினி ஸ்பீக்கரை மந்தைக்கு எடுத்துக்கொண்டு போனால் எடுபடாது. அது ஒரு அறைக்கானது.

இனி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மலிவான ஜோடி ஒன்றின் பின்பக்கத் திருகுகளைக் கழற்றினால் பெரும்பகுதி வெறும் காற்று. ஒரு பெட்டியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சர்க்யூட் பலகை. அதில் ஒரு சின்ன சிப், இரண்டு மூன்று கெப்பாசிட்டர், வால்யூம் திருகி. இன்னொரு பெட்டியில் அதுவும் இல்லை; மெல்லிய வயரும் இரண்டரை அங்குலக் காகிதக் கூம்பும்தான். முன்பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு வட்டங்கள் தெரிந்திருக்கும். பல மாடல்களில் மேல் வட்டத்துக்குப் பின்னால் எதுவுமே இருக்காது, அலங்காரத்துக்கு வைத்த பிளாஸ்டிக் வளையம். வாங்குபவரை இப்படி ஏமாற்றுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அந்த இரண்டரை அங்குலக் கூம்பால் தவிலின் தொப்பிப் பக்கத்தையோ உருமியின் முழக்கத்தையோ தர முடியாது. அடித்தொனி என்பது நிறையக் காற்றைத் தள்ளும் வேலை. அதே அளவு சத்தத்தை 100 ஹெர்ட்ஸிலிருந்து 50 ஹெர்ட்ஸுக்கு இறக்க, கூம்பு முன்னும் பின்னும் நான்கு மடங்கு அசைய வேண்டும். சின்னக் கூம்புக்கு அவ்வளவு அசைய இடமில்லை. பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டில் அந்தக் கிட்டார் நடக்கும் நடையின் அடிப்பகுதி இதில் வராது. மேல் அதிர்வுகளை வைத்து நம் மூளையே மிச்சத்தை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. அதனால்தான் பாட்டு புரிகிறது, ஆனால் நெஞ்சில் இறங்குவதில்லை. பேஸைக் கூட்டினால் சரியாகும் என்று நினைக்காதீர்கள். கூம்பு எல்லையில் முட்டிப் படபடக்கும், இருக்கிற கொஞ்ச வாட்டும் அதிலேயே கரையும்.

மனிதப் பேச்சு விஷயத்தில் இதே ஸ்பீக்கர் நன்றாகவே வேலை செய்கிறது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் ச, த, க போன்ற மெய்யொலிகளின் தெளிவு பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. சின்னக் கூம்பு சிரமமில்லாமல் தரும் பகுதி அது. பாடம் கேட்கும்போது கணினியில் பேஸைக் குறைத்துவிடுங்கள். குரல் துலக்கமாகும், சத்தத்தையும் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். கணினியின் வால்யூமை முக்கால் பங்குக்கு மேல் வைத்து, ஸ்பீக்கர் திருகியைக் குறைத்து வைத்தால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் அடங்கும். இரண்டையும் முழுதாகத் திருகினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுக் குரல் கரகரக்கும். அப்படியே நெடுநேரம் ஓடினால் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள் சூடாகிக் கருகும்.

'ம்ம்ம்' என்று ஓயாமல் உறுமினால் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் கோளாறு ஸ்பீக்கரில் இல்லை. பிளக் வழியாக வரும் மின்சாரமும் ஆடியோ வயரும் சேர்ந்து போடும் வளையத்தில் இருக்கிறது. செல்போனைப் பக்கத்தில் வைத்தால் வரும் 'டிட்டிடிட்' ஓசையும் கோளாறு அல்ல. 2ஜி போன் நொடிக்கு 217 முறை விட்டுவிட்டு அலை அனுப்புவதை, கவசமில்லாத மலிவு சர்க்யூட் பிடித்துக்கொள்கிறது. போனை ஓரடி தள்ளி வைத்தால் போதும்.

கொல்லிமலைக்கே உரிய எதிரி ஈரம். கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கு மேல் மூடுபனியும் மழையுமாக இருக்கும் வீட்டில் காகிதக் கூம்பு நமுத்துப்போகும், வால்யூம் திருகியின் தடத்தில் களிம்பு ஏறும். திருகும்போது கரகர என்றால் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் திருகியை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பலமுறை திருப்புங்கள், பெரும்பாலும் சரியாகும். மண்சுவரை ஒட்டி, தரையில் வைக்காதீர்கள். இடி இடிக்கும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

வாங்கும்போது கூம்பின் விளிம்பு பஞ்சா ரப்பரா என்று பாருங்கள். ஈரத்தில் பஞ்சு சீக்கிரம் உதிர்ந்துவிடும். ஸ்பீக்கரோடு ஒட்டிப் பிறந்த வயரைவிடக் கழற்றி மாட்டும் வயர் நல்லது. அடிக்கடி அறுவது அதுதான், புது வயரை நீங்களே மாட்டிக்கொள்ளலாம். தனி அடாப்டர் வந்தால் அதில் 'ஆர்' எழுத்தும் எட்டு இலக்கமும் கொண்ட பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்க வேண்டும். அடாப்டர் விஷயத்தில் 50 ரூபாய் மிச்சம் பிடிக்காதீர்கள். வீட்டைக் கொளுத்தக்கூடியது அந்தப் பகுதிதான். கடைக்காரரிடம் சினிமாப் பாட்டுப் போடச் சொல்லாமல் செய்தி வாசிப்பு போடச் சொல்லுங்கள், பத்தடி தள்ளி நின்று கேளுங்கள். ஒவ்வொரு சொல்லும் பிரிந்து கேட்டால், 3 வாட் ஜோடியே உங்கள் பிள்ளையின் பாடத்துக்குப் போதும்.