முதல் ரயிலும் கடைசி ரயிலும்

சென்ற வாரம் வெஸ்ட்போர்ட்டில் நிறுத்தினோம். க்ரோ பேட்ரிக் மலையும், ஜூலை கடைசி ஞாயிறன்று அதில் வெறுங்காலோடு ஏறும் யாத்திரிகர்களும் நினைவிருக்கும். அக்கில் தீவின் ஆளில்லாத கிராமத்துக்கு இந்த வாரம் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். கிளம்பிவிட்டோம். ஆனால் போகிற வழியே இந்த வாரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது.

வழியின் பெயர் கிரேட் வெஸ்டர்ன் கிரீன்வே. அயர்லாந்தின் மேற்கே மேயோ மாவட்டத்தில், வெஸ்ட்போர்ட்டில் தொடங்கி நியூபோர்ட், மல்ரனி வழியாக அக்கில் வரை 42 கிலோமீட்டர். சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டுமான பாதை. ஒரு பக்கம் நெஃபின் பெக் மலைகள், இன்னொரு பக்கம் க்ளூ விரிகுடா. பனியுகம் குவித்துவிட்டுப்போன மண்மேடுகள் அந்த விரிகுடாவில் பாதி முழுகி, குளத்தில் கிடக்கும் எருமை முதுகுகளைப்போல வரிசையாகத் தெரிகின்றன. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை தீவு என்பது உள்ளூர்ப் பேச்சு. அவற்றில் ஒன்றான டோரினிஷை 1967-ல் ஜான் லெனன் விலைக்கு வாங்கினார்.

வெஸ்ட்போர்ட்டில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர்கள் ஒரு யோசனை சொல்வார்கள். வேனில் சைக்கிளோடு அக்கிலில் இறங்கிக்கொள்ளுங்கள், அங்கிருந்து கிழக்கே மிதித்து வாருங்கள், அட்லாண்டிக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வரும் என்று. நல்ல யோசனைதான். முதல்முறை போகிறவர்கள் அதைக் கேட்பதே உத்தமம். நான் எதிர்க்காற்றில் மேற்கே போனேன். ஏனென்றால் என்னை இந்த வாரம் முழுக்கப் பிடித்து வைத்திருப்பது மேற்கே போன இரண்டு ரயில்களின் கதை.

எதிர்க்காற்று இருந்தும் இந்தப் பாதை காலை வதைப்பதில்லை. இது பழைய ரயில்பாதை. நீராவி இஞ்சினுக்கு மேடு ஆகாது. நூறு அடி போனால் ஓரிரு அடிக்கு மேல் ஏறாதபடி மேட்டை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து, வளைவுகளை நீளமாக இழுத்துத்தான் தண்டவாளம் போடுவார்கள். தண்டவாளம் போன பிறகும் அந்தச் சமன் மட்டும் அப்படியே கிடக்கிறது. கியர் மாற்றக்கூட அவசியமில்லாமல் மிதித்துக்கொண்டே போகலாம். இஞ்சினுக்காகச் செய்தது இன்று நம் முழங்காலுக்கு உதவுகிறது.

அந்தச் சுகத்தில் இன்னொரு பங்கு டயருக்குள் இருக்கும் காற்றுக்கு. அதுவும் இதே அயர்லாந்துத் தீவில் பிறந்ததுதான். பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் ஸ்காட்லாந்துக்காரர். அவருடைய சிறு மகனின் மூன்று சக்கர வண்டியில் கெட்டி ரப்பர் டயர்; கல்பாவிய தெருவில் எலும்பு குலுங்கும். டன்லப் மெல்லிய ரப்பர் குழாயில் காற்றடைத்து, மரத்தட்டின் விளிம்பில் பொருத்தி, முற்றத்தில் உருட்டிவிட்டார். கெட்டி டயர்ச் சக்கரம் பாதியில் சாய்ந்தது. காற்றுச் சக்கரம் முற்றத்தின் கடைசிவரை போய் கதவில் முட்டித் திரும்பியது. 1888-ல் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு பெல்ஃபாஸ்ட் பந்தயங்களில் வில்லியம் ஹியூம் என்ற வீரர் அந்த டயரோடு ஓட்டி ஜெயித்தார். தோற்றவர்களில் ஹார்வி டு க்ராஸ் என்பவரின் மகன்களும் உண்டு. தகப்பன் கோபித்துக்கொண்டு போகவில்லை. டப்ளினில் அந்த டயரைச் செய்து விற்கும் தொழிலில் இறங்கிவிட்டார். ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1840-களிலேயே காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கியிருந்தது பிறகு தெரியவந்து, டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது. அதற்குள் உலகமே காற்றின் மேல் ஓட ஆரம்பித்துவிட்டது.

அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது என்பது இருட்டான கதை. காங்கோவில் ரப்பருக்காக மனிதர்களை வதைத்ததை 1904-ல் அறிக்கையாக வெளிக்கொண்டுவந்த ரோஜர் கேஸ்மென்ட் டப்ளின் அருகே பிறந்தவர். கெர்ரி மாவட்டத்துக்குப் போகும்போது, அவர் 1916-ல் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து வந்து இறங்கிய பன்னா கடற்கரையில் அந்தக் கதையைச் சொல்கிறேன். சொல்லாமல் இந்தத் தொடரை முடிக்க மாட்டேன்.

இப்போது ரயில். 1880-களில் மேயோ பஞ்சத்தின் நிழலைவிட்டு வெளியே வரவில்லை. உருளைக்கிழங்கு பொய்த்தால் பட்டினி, வாடகை பாக்கி விழுந்தால் வெளியேற்றம். அப்போது அயர்லாந்து விவகாரங்களைப் பார்த்த பிரிட்டிஷ் அமைச்சர் ஆர்தர் பால்ஃபர், 1889-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். தனியார் கம்பெனிகள் லாபமில்லை என்று தொடாத ஏழைக் கரையோரங்களில் அரசுப் பணத்தில் ரயில் போடுவது. மீன் சந்தைக்குப் போகும். அதைவிட அவசரமாக, மண் வெட்டுகிற வேலையில் ஜனங்களுக்குக் கூலி கிடைக்கும். நிவாரண வேலையாகப் பிறந்த பாதை இது. நாம் இன்று சுகமாக மிதித்துப்போகும் ஒவ்வொரு வெட்டிலும் பசித்தவர்கள் கூலிக்கு மண் அள்ளியிருக்கிறார்கள். தண்டவாள அகலம் 1,600 மில்லிமீட்டர். நம்மூர் அகலப்பாதையைவிடச் சற்றே குறைவு. மிட்லண்ட் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே அதை ஓட்டியது. கிரீன்வேக்குப் பெயர் கொடுத்ததும் அந்தக் கம்பெனிதான்.

நியூபோர்ட்டில் இறங்கிப் பாருங்கள். ஆற்றுக்கு மேலே ஏழு வளைவுகளோடு செம்மணற்கல் ரயில் பாலம் நிற்கிறது. மேட்டிலிருக்கும் தேவாலயத்தில் ஹாரி கிளார்க்கின் கண்ணாடிச் சாளரம், கடைசித் தீர்ப்பு நாளைக் காட்டுவது. 1931-ல் இறந்துபோன அந்தக் கலைஞனின் கடைசிப் படைப்புகளில் ஒன்று. அந்த நீலத்தைப் பார்க்கவே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

ஊரைத் தாண்டினால், பாதையிலிருந்து கொஞ்சம் விலகி, 1470-ல் கட்டிய பரிஷூல் மடாலயம் கூரையில்லாமல் நிற்கிறது. டொமினிக்கன் துறவிகள் போப்பின் அனுமதி இல்லாமலே கட்டி, பிறகு மன்னிப்புப் பெற்ற மடம். இன்னும் சற்று தூரத்தில், அலை ஏறினால் மூன்று பக்கமும் தண்ணீர் சூழும் ராக்ஃப்ளீட் கோபுரம். கிரேஸ் ஓமாலி இருந்த இடம். பதினாறாம் நூற்றாண்டில் இந்தக் கடலை ஆண்ட பெண். கப்பல்களும் ஆட்களும் அவள் சொல்லுக்குக் காத்திருந்தன. ஆங்கில ஆளுநர் பிங்கம் அவள் மகனைச் சிறைப்பிடித்தபோது, அறுபதைத் தாண்டிய வயதில் 1593-ல் கிரீனிச் அரண்மனைக்குக் கப்பலேறிப் போய் எலிசபெத் ராணியையே பார்த்துப் பேசினாள். மகன் விடுதலையானான். அவளைப் பற்றி எழுத ஆசைதான். ஆனால் ரயில் காத்திருக்கிறது.

வெஸ்ட்போர்ட்டிலிருந்து நியூபோர்ட் வரை 1894 தொடக்கத்திலேயே ரயில் வந்துவிட்டது. அதற்கு மேற்கே வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் ஜூன் 14. அக்கிலிலிருந்து ஒரு பாய்மரப் படகு நூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு வெஸ்ட்போர்ட் துறைமுகத்துக்கு வந்தது. எல்லோரும் ஸ்காட்லாந்துக்கு உருளைக்கிழங்கு தோண்டப் போகும் பருவக் கூலிகள். ஜூனில் போய் இலையுதிர்காலத்தில் திரும்புவார்கள். அந்தக் கூலியில்தான் வீட்டு வாடகையும் குளிர்கால அடுப்பும். பெரும்பாலும் இளவயதினர், பெண்பிள்ளைகள் நிறைய. கிளாஸ்கோ போகும் நீராவிக் கப்பல் கண்ணில் பட்டதும், அவ்வளவு பெரிய கப்பலை முதல்முறை பார்த்த பிள்ளைகள் ஒரே பக்கமாக எழுந்து நின்றார்கள். படகு கவிழ்ந்தது. 32 பேர் மூழ்கிப்போனார்கள்.

உடல்களை அக்கிலுக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னும் பயணிகளுக்குத் திறக்காத தண்டவாளத்தின் மேல், அக்கிலை நோக்கி முதல் ரயில் ஓடியது. அதில் சவப்பெட்டிகள் இருந்தன.

அடுத்த ஆண்டு மே மாதம் அக்கில் வரை பாதை முறைப்படி திறந்தது. 1897-ல் ரயில்வே கம்பெனி மல்ரனியில் ஒரு ஓட்டலும் கட்டியது. பணக்காரர்கள் கடல்காற்று வாங்க வந்தார்கள். அதே ரயிலில், மூன்றாம் வகுப்பில், உருளைக்கிழங்குக் கூலிகள் ஒவ்வொரு கோடையிலும் கிழக்கே போனார்கள். முப்பதுகளில் பஸ்ஸும் லாரியும் வந்தபின் வருமானம் வற்றி, 1937 செப்டம்பர் முடிவில் பாதையை மூடுவதென்று தீர்மானமானது.

அந்த செப்டம்பர் 16-ம் தேதி அதிகாலை, கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் கர்கின்டிலக் என்ற ஊர். அக்கிலிலிருந்து போன பையன்கள் தூங்கிக்கொண்டிருந்த கொட்டகை தீப்பிடித்தது. கதவு பூட்டியிருந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். மிகச் சிறியவனுக்கு 13 வயது. அண்ணன் தம்பிகளும் அவர்களில் இருந்தார்கள். பெண்கள் தனி இடத்தில் படுத்திருந்ததால் தப்பினார்கள். உடல்கள் கப்பலில் டப்ளின் வந்தன. டப்ளினிலிருந்து சிறப்பு ரயில், நாம் இப்போது மிதித்துக்கொண்டிருக்கிற இதே பாதையில், அக்கில் சவுண்ட் என்ற கடைசி நிலையத்துக்கு வந்தது. இரண்டு வாரத்தில் பாதை மூடப்பட்டது.

இரும்புச் சக்கர வண்டிகள் புகைவிட்டுக்கொண்டு அக்கிலுக்கு வரும், முதல் வண்டியும் கடைசி வண்டியும் பிணங்களைச் சுமந்து வரும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரையன் ருவா என்ற தீர்க்கதரிசி சொன்னதாக மேயோவில் வாய்வழியாக வந்த ஒரு வாக்கு உண்டு. இந்தப் பாதையைப் பற்றிப் பேசுகிற யாரும் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. கேட்டவுடன் எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது.

ஆனால் இந்த வாரம் முழுக்க அதையே யோசித்ததில், வாக்கைவிடக் கனமானது ஒன்று எனக்குத் தெரிகிறது. இரண்டு ரயில்களும் சுமந்தது ஒரே மாதிரியான மனிதர்களை. நாற்பத்து மூன்று ஆண்டு இடைவெளி. அதே தீவு, அதே வேலை, அதே வயதுப் பிள்ளைகள். ஏழைகளுக்காக என்று சொல்லிப் போட்ட ரயில் அவர்களைக் கூலிக்கு அனுப்பவும் உடலாகத் திரும்பக் கொண்டுவரவும்தான் பயன்பட்டது. ஊரில் நிலமும் வேலையும் இருந்திருந்தால் அந்தப் படகும் இல்லை, அந்தக் கொட்டகையும் இல்லை. இதைத் தெரிந்துகொள்ளத் தீர்க்கதரிசி வேண்டாம். 13 வயதுப் பிள்ளையை வேற்று நாட்டு வயலுக்கு அனுப்பும் ஒரு ஊரின் கணக்குப் புத்தகம் போதும்.

தண்டவாளத்தை எடுத்தபின் பாதை புதர் மண்டிக் கிடந்தது. நிலம் பக்கத்து விவசாயிகளிடம் போயிருந்தது. சைக்கிள் பாதை என்ற யோசனை வந்தபோது அரசு நிலத்தை விலைக்கு வாங்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட நிலக்காரர்கள் தங்கள் வேலிகளைத் திறந்து வழிவிட ஒப்புக்கொண்டார்கள். 2010-ல் நியூபோர்ட்–மல்ரனி துண்டும், 2011-ல் முழுப் பாதையும் திறந்தன. ஆடு மேயும் வயல்களுக்கு நடுவே நாம் போகும் ஒவ்வொரு கஜமும் யாரோ ஒருவர் மனமுவந்து விட்டது. ஆகவே வழியில் வரும் கேட்டைத் திறந்தால் மறக்காமல் மூடுங்கள். ஆட்டைப் பார்த்தால் வேகத்தைக் குறையுங்கள்.

அக்கில் சவுண்டில் பழைய ரயில்பாதை முடிகிறது. எதிரே தீவுக்குப் போகும் பாலம். முதல் பாலத்தை 1887-ல் திறந்துவைத்தவர் மைக்கேல் டேவிட். மேயோவில் பிறந்து, குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டு, இங்கிலாந்துப் பஞ்சாலையில் பதினோரு வயதில் வலக்கையை இழந்து, பின்னாளில் குத்தகைதாரர்களுக்காக நிலச் சங்கத்தை உருவாக்கியவர். இன்றைய பாலமும் அவர் பெயரில்தான் இருக்கிறது. இந்த வழியின் வாசலுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

பாலத்தைத் தாண்டியதும் பெரும்பாலோர் கடற்கரைகளுக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் முதலில் இடப்பக்கம், தெற்கே திரும்புங்கள். சில கிலோமீட்டரில் கில்டாவ்னெட். கிரேஸ் ஓமாலியின் பெயர் சொல்லும் இன்னொரு கோபுரமும், அதன் அருகே கல்லறை மைதானமும் அங்கே இருக்கின்றன. 1894-ல் மூழ்கியவர்களும் 1937-ல் எரிந்தவர்களும் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். 42 கிலோமீட்டர் சமதளத்தை அனுபவித்தவர்கள் அங்கே போய்ப் பெயர்களை வாசிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று நினைக்கிறேன்.

ஸ்லீவ்மோர் மலைச்சரிவின் ஆளில்லாத கிராமம் அடுத்த வாரத்துக்குப் போய்விட்டது. கூரையற்ற அந்தக் கல்வீடுகளைப் பற்றி எழுதிய ஜெர்மன் எழுத்தாளர் ஹைன்ரிஷ் பொல் தீவிலேயே ஒரு குடிசை வாங்கித் தங்கினார். இந்த வாரப் பையன்களின் முன்னோர்கள் எப்படி வாழ்ந்தார்கள், வீடுகளை ஏன் விட்டார்கள் என்பதை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். டயரில் காற்று சரிபார்த்து வையுங்கள். அக்கிலில் ரயில் போட்ட சமதளம் கிடையாது, இனி ஏற்றம்தான்.

(தொடரும்)