சாவி கொடுக்கலாமா, கூடாதா?

சாவி கொடுத்தால் பாட்டோடு அசையும், பட்டுப் பாவாடை நைந்து தொங்கும் ஒரு பழைய பிரெஞ்சுப் பொம்மையையும், புத்தம் புது சாட்டினில் பளபளக்கும் இன்னொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், விவரம் தெரிந்த சேகரிப்பாளர் கந்தலைத்தான் எடுப்பார். 19ஆம் நூற்றாண்டில் பட்டுக்குக் கனம் கூட்ட உலோக உப்புக் கரைசலில் தோய்த்தார்கள். அந்த உப்பே இழையை அரித்து, இன்று தொட்டால் மடிப்போடு கிழிகிறது. இருந்தாலும் உடையும் தலையும் இயந்திரமும் ஒரே பட்டறையில் சேர்ந்தவை என்பதற்கு அந்தக் கந்தல்தானே சாட்சி!

பட்டறைகள் பெரும்பாலும் பாரிசில் இருந்தன. குஸ்தாவ் விஷி, அவரிடம் தொழில் பழகிய லெயோபோல் லாம்பேர், ருல்லே - தெகாம் ஆகியோர் பெரிய பெயர்கள். லாம்பேர் பொம்மைகள் பலவற்றுக்கு ஜுமோ நிறுவனத்தின் பீங்கான் தலை. சாவி கொடுத்தால் பித்தளை உருளை சுழலும். அதில் பதித்த ஊசிகள் எஃகுச் சீப்பின் பற்களை மீட்டும். கூடவே சுழலும் மேடுபள்ளத் தகடுகள் கம்பிகளைத் தள்ள, பொம்மை தலை சாய்க்கும், விசிறி வீசும், இமை மூடும்.

இதில் பெரிய ஆபத்து வேகம். அதை அடக்கி வைப்பது உள்ளே சுழலும் சின்னஞ்சிறு காற்றாடி. அது பிடி விட்டால், முறுக்கிய சுருள்வில்லின் விசை மொத்தமும் உருளையில் பாயும். ஊசிகள் வளைந்து, சீப்புப் பற்கள் தெறித்து, நூறாண்டுப் பாட்டு நொடிகளில் முடிந்துவிடும். அதனால்தான் பொம்மையை வெளியூருக்கு அனுப்புமுன் வில் முழுக்கத் தளரும்வரை ஓடவிடுகிறார்கள். எண்ணெய் காய்ந்து இறுகிய பொம்மைக்கு, பாட்டுக் கேட்கும் ஆசையில் சாவி கொடுப்பதைப் போன்ற விபரீதம் வேறில்லை.

இந்தப் பயத்தில் பலர் சாவியையே தொடுவதில்லை. என் கட்சி வேறு. பழுது பார்த்துச் சுத்தம் செய்த பொம்மை எப்போதாவது பாடத்தான் வேண்டும். இல்லாவிட்டால் பீங்கான் முகத்துக்கு மட்டும் காசு கொடுத்ததாக ஆகிவிடும்.

நியூஜெர்சியின் மோரிஸ் அருங்காட்சியகத்தில் மர்டோ கின்னஸ் சேர்த்த சுமார் 750 இசை இயந்திரங்களும் பொம்மைகளும் இருக்கின்றன. சிலவற்றைப் பார்வையாளர் முன் இயக்கிக் காட்டுகிறார்கள். இதைவிடத் துணிச்சல் சுவிட்சர்லாந்தின் நூஷாத்தெல் நகர அருங்காட்சியகத்துக்கு. ஜாக்கே-த்ரோ குடும்பத்தார் 1774இல் மக்களுக்குக் காட்டிய இசைக்காரி அங்கேதான் இருக்கிறாள். சீப்பை மீட்டி ஒலி எழுப்பும் ஏமாற்று வேலை அவளிடம் இல்லை. தன் விரல்களாலேயே கட்டைகளை அழுத்தி ஆர்கன் வாசிப்பாள், மூச்சு விடுவதுபோல மார்பு ஏறி இறங்கும். மாதத்தின் முதல் ஞாயிறன்று அவளுக்குச் சாவி கொடுக்கிறார்கள்.