வீட்டிலேயே ஸ்பானிய மொழி: எந்தப் பயிற்சியை எடுப்பது?

அம்மா கூட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் 890 வெள்ளியை வாங்கி, இணையத்தில் ஒரு ஸ்பானிய மொழிப் பயிற்சிக்குக் கட்டினேன். ‘30 நாளில் சரளமாகப் பேசலாம்’ என்றது விளம்பரம். பதினோராம் நாள் மூடி வைத்தவள், பிறகு அதைத் திறக்கவே இல்லை. பணமும் திரும்பி வரவில்லை.

“கோலசிலாங்கூரில் இருந்துகொண்டு ஸ்பானிய மொழி எதற்கு?” என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. காரணம் ஒரு வடை.

புக்கிட் மலாவத்தி அடிவாரத்தில் அம்மாவுக்குச் சின்னக் கடை ஒன்று உண்டு. மசால் வடை, பஜ்ஜி, தேநீர். வார நாளில் நான் ஈஜோக்கில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு வேலை செய்கிறேன். சனி, ஞாயிறுகளில் கடையில் நிற்பேன். பகலில் குன்றின்மேல் லூத்தோங் குரங்குகளைப் பார்த்துவிட்டு, இரவில் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகேறும் வெளிநாட்டுப் பயணிகள் நடுவில் எங்கள் கடைப்பக்கம் வருவார்கள். அப்படி ஒரு குடும்பம் வந்தது. நான்கு வயதுப் பையன் வடையைக் காட்டி அழுதான். அவன் தாய் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குப் புரியவில்லை. கைப்பேசியில் தட்டிக் காட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது: பையனுக்குக் கச்சான் ஒவ்வாது. வடையில் கச்சான் உண்டா என்று கேட்டிருக்கிறார்.

வடையில் கச்சான் கிடையாது. கச்சான் பொரிக்கும் எண்ணெயும் எங்கள் கடையில் இல்லை. ஆனால் நான் ஆங்கிலத்தில் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. கைப்பேசி சொன்ன பதிலை, பிள்ளை விஷயத்தில் அவர் நம்பவில்லை. வடையை வைத்துவிட்டுப் போய்விட்டார். “பச்சப் பிள்ளைக்கு ஒரு வடை குடுக்க முடியலியே” என்று அம்மா அன்று முழுவதும் புலம்பினார்.

அந்த வாரமே கூட்டுப் பணத்தில் கை வைத்தேன்.

வகுப்பு எட்டாத இடம்

புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் பக்கம் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஸ்பானிய வகுப்பு வேண்டுமென்றால் கோலாலம்பூருக்குத்தான் போக வேண்டும். லாத்தார் நெடுஞ்சாலையில் போனாலும் போக, வர, டோல் கட்ட, அரை நாள் போய்விடும். வகுப்புகள் பெரும்பாலும் வார இறுதியில். எங்களுக்கோ அதுதான் வியாபார நாள். ஆகவே சுயமாகப் படிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அதற்காகவே எந்தப் பயிற்சியை எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். தவறாக எடுத்தால் திருத்த ஆசிரியர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

முதலில் அந்த ‘30 நாள்’ கணக்கைப் பார்ப்போம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம், தன் அதிகாரிகள் வேலைக்குப் போதுமான ஸ்பானிய மொழி பேச 600 வகுப்பு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்கிறது. ஆங்கிலம் பேசுவோருக்கு எளிதான மொழிகளின் வரிசையில் ஸ்பானிய மொழியை வைத்த பிறகும் இந்தக் கணக்கு! தினம் அரை மணி படித்தால் 30 நாளில் கிடைப்பது 15 மணி நேரம். ஒரு வருடம் விடாமல் படித்தால்தான் 180 மணி நேரத்தைத் தாண்டும். ஆகவே நாள் கணக்குச் சொல்லும் விளம்பரத்தைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள்.

ஐரோப்பிய மன்றத்தின் அளவுகோலில் ஏ1 என்பது தொடக்க நிலை. சி2 உச்சம். பெயர், விலை, வழி, சாப்பாடு பற்றி மெதுவாகப் பேச ஏ1 போதும். சான்றிதழ் வேண்டுவோருக்கு, ஸ்பெயின் அரசு 1991இல் தொடங்கிய செர்வாந்தெஸ் நிலையத்தின் டெலே தேர்வு இருக்கிறது. அதுவும் ஏ1 முதல் சி2 வரை. எனக்குச் சான்றிதழ் வேண்டியதில்லை. நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரே வரி எழுதினேன்: ‘எங்கள் கடைப் பலகாரத்தில் என்ன இருக்கிறது என்று ஸ்பானிய மொழியில் சொல்ல வேண்டும்.’ இப்படி ஒரு வரி எழுதாமல் பயிற்சி தேடக் கூடாது என்பது நான் காசு கொடுத்துக் கற்ற பாடம்.

அம்மா சொன்ன இலக்கணம்

மூடி வைத்த பயிற்சியின் பத்தாம் பாடம் ‘மே குஸ்தா’ என்ற தொடரைப் பற்றியது. ‘ஐ லைக் காபி’ என்பதை ஸ்பானிய மொழியில் அப்படியே சொல்ல முடியாது, ‘மே குஸ்தா எல் கஃபே’ என்று தலைகீழாகத்தான் சொல்ல வேண்டும், இது மாணவர்களுக்கு மிகக் கடினம் என்று மூன்று பக்கம் எழுதியிருந்தார்கள். நானும் கடினம் என்றே நம்பி, சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமல் கேட்டார்: “இதுல என்னம்மா தலைகீழு? எனக்குக் காப்பி பிடிக்கும். நாம அப்படித்தானே சொல்றோம்?”

அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். பிறகு பால் வெட்டினார். பால்மரம் போய்ச் செம்பனை வந்ததும் பழம் பொறுக்கினார். சந்தை மலாயைப் புத்தகம் இல்லாமல் கடைக்காரரிடமும் கூட வேலை செய்தவர்களிடமும் கற்றார். அவர் சொன்னது முழு உண்மை. ‘மே’ என்றால் ‘எனக்கு’. அவ்வளவுதான்.

அன்றுதான் எனக்கு உறைத்தது. கடையில் கிடைக்கும் பயிற்சிகள் எல்லாம் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்காக எழுதப்பட்டவை. அவருக்குக் கடினமானது நமக்கும் கடினமாக இருக்க வேண்டியதில்லை. அவருக்கு இல்லாத இரண்டு மொழிகள் நம் கையில் இருக்கின்றன: தமிழும் மலாயும்.

தமிழ் தருவதைப் பாருங்கள். ‘பேசுகிறேன்’ என்றால் போதும், ‘நான்’ தேவையில்லை. ஸ்பானிய மொழியிலும் அப்படியே: ஆப்லோ (பேசுகிறேன்), ஆப்லாஸ் (பேசுகிறாய்), ஆப்லாமோஸ் (பேசுகிறோம்). ‘நீ, நீங்கள்’ வேறுபாடு அங்கும் உண்டு: ‘து, உஸ்தெத்’. ‘ர, ற’ வேறுபாட்டுக்காகத் தமிழ்ப்பள்ளியில் வாங்கிய குட்டு வீண் போகவில்லை. ‘பெரோ’ என்றால் ஆனால், ‘பெர்ரோ’ என்றால் நாய். ‘ஒன்றுமில்லை’ என்று பொருள்படும் ‘நாதா’வில் வரும் த, நாம் ‘அது’ என்னும்போது மெதுவாக வருகிற அதே த. நாளை என்று பொருள்படும் ‘மஞானா’வுக்கு நம்மிடம் ஞ தயாராக இருக்கிறது.

மலாய் தருவது வேறு. 1511இல் மலாக்காவைப் பிடித்து 1641 வரை ஆண்ட போர்த்துகீசியரின் மொழி, ஸ்பானிய மொழிக்குத் தங்கை மாதிரி. அவர்கள் வழியாக மலாயில் நுழைந்த சொற்களுக்கு ஸ்பானிய மொழியில் உறவு இருக்கிறது. மேஜா அங்கே மேசா. கெமேஜா, காமிசா. கேஜு, கேசோ. பெண்டேரா, பாந்தேரா. செக்கோலா, எஸ்குவேலா. ஞாயிற்றுக்கிழமைக்கு நாம் சொல்லும் ‘மிங்கு’, அங்கே ‘தொமிங்கோ’. தமிழில் உள்ள மேசை, அலமாரி, சாவியும் அதே போர்த்துகீசியக் கப்பலில் வந்தவைதான்.

பெயர்ச்சொல்லுக்குப் பின் நிறமும் அளவும் வருவது ஆங்கிலேயருக்குக் குழப்பம், தமிழுக்கும் புதிது. ஆனால் ‘ரூமா பூத்தே’ என்று சொல்லிப் பழகிய நமக்கு ‘காசா பிளாங்கா’ (வெள்ளை வீடு) எந்தத் தொல்லையும் தராது. கச்சாங் பூத்தே தின்று வளர்ந்தவர்கள் இல்லையா நாம்!

பிறகு எங்கே நேரம் செலவழிக்க வேண்டும்? ஆண்பால், பெண்பாலில். தமிழில் மேசை அஃறிணை. மலாயில் இந்தப் பேச்சே இல்லை. ஸ்பானிய மொழியிலோ மேசை பெண், வீடு பெண், கச்சான் ஆண். அதனால் வீட்டுக்கு ‘பிளாங்கா’, கச்சானுக்கு ‘பிளாங்கோ’. இதைச் சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்தால்தான் நிற்கும். ‘மேசா’ என்று எழுதாமல் ‘லா மேசா’ என்று எழுதுங்கள்.

நான் சோதித்துப் பார்த்தவை

ஒரு தடவை சூடு பட்டதால், அடுத்து இலவசமாகக் கிடைப்பவற்றையே முதலில் பார்த்தேன்.

டுவோலிங்கோ 2012 முதல் எல்லாருக்கும் கிடைக்கும் செயலி. தினமும் திறக்க வைக்கும். பேருந்தில் நின்றுகொண்டே பத்து நிமிடம் செய்யலாம். ஆனால் சொற்களைத் தேர்ந்து தட்டுவது வேறு, எதிரே ஆள் நிற்கும்போது வாயைத் திறப்பது வேறு. பழக்கம் பிடிக்க உதவும். இதை மட்டும் நம்பினால் பேச்சு வராது.

லாங்குவேஜ் டிரான்ஸ்ஃபர் எனக்குப் பொருந்தியது. மிஹாலிஸ் எலெஃப்தெரியூ என்ற ஆசிரியர் ஒரு மாணவருக்குக் கற்பிப்பதை 90 ஒலிப்பாடங்களாகப் பதிவு செய்திருக்கிறார். எல்லாம் இலவசம், நன்கொடையில் நடப்பது. அவர் கேட்டதும் ஒலியை நிறுத்தி, மாணவர் சொல்வதற்கு முன் நாம் சொல்ல வேண்டும். மனப்பாடம் குறைவு, யோசனை அதிகம். எழுத்துப் பயிற்சி கிடையாது என்பது குறை. ஈஜோக் போகும் வழியில் காடியிலேயே தினம் இரண்டு பாடம் கேட்டேன்.

பிம்ஸ்லர் கட்டணம் கேட்கும். ஒரு நிலைக்கு 30 பாடம், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். கேட்டது மறக்கப்போகும் நேரம் பார்த்துத் திரும்பக் கேட்பார்கள். உச்சரிப்புக்கு நல்லது. ஆனால் சொற்கள் குறைவு, மாதச் சந்தா தொடர்ந்து ஓடும். பணம் கட்டித்தான் உட்காருவேன் என்பவர்கள் எடுக்கலாம்.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பழைய பாடங்கள் காப்புரிமை இல்லாமல் புத்தகமாகவும் ஒலியாகவும் கிடைக்கின்றன. அரை நூற்றாண்டுக்கு முந்தியவை. ஒரே வாக்கியத்தை இருபது விதமாகச் சொல்ல வைக்கும். சலிப்புத் தட்டினாலும் வினைச்சொல் விகுதி நாக்கில் ஏற இதைவிட நல்ல வழி நான் காணவில்லை. வாரம் ஒரு நாள் போதும்.

கடைசியாக, அம்மாவுக்குப் பிடித்தது. ‘தெஸ்தினோஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடர் 1992இல் ஸ்பானிய மொழி கற்பிக்கவே எடுக்கப்பட்டது. 52 பகுதிகள். ஒரு முதியவரின் காணாமல் போன முதல் மனைவியைத் தேடி ராகேல் என்ற வழக்கறிஞர் ஸ்பெயின், அர்ஜென்டினா, போர்ட்டோ ரிக்கோ, மெக்சிகோ என்று அலைகிறார். மாலை நாடகம் பார்ப்பதுபோல் அம்மா உட்கார்ந்துவிட்டார். மொழி புரியாமலேயே யார் பொய் சொல்கிறார் என்று எனக்கு முன்னால் கண்டுபிடித்தார்.

அந்தத் தொடரால் எனக்கு இன்னொரு நன்மை: நாட்டுக்கு நாடு பேச்சு மாறுவது காதில் விழுந்தது. ஸ்பானிய மொழி 20 நாடுகளில் ஆட்சிமொழி. கச்சானுக்கு ஸ்பெயினில் ‘காகாவெத்தே’, மெக்சிகோவில் ‘காகாவாத்தே’, தென் அமெரிக்காவின் பல நாடுகளில் ‘மனீ’. நாம் கச்சான் என்கிறோம், தமிழ்நாட்டில் நிலக்கடலை, வேர்க்கடலை என்கிறார்களே, அதுபோல. என் நோட்டில் மூன்றையும் எழுதி வைத்தேன். பிள்ளையின் உயிர் விஷயத்தில் ஒரு சொல் போதாது.

பணம் கட்டுமுன் ஐந்து கேள்விகள்

ஒன்று, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒலி இருக்கிறதா? நான் வாங்கியதில் பாதிக்கு இல்லை.

இரண்டு, என்னை வாய்விட்டுப் பேச வைக்கிறதா, வெறுமனே கேட்க வைக்கிறதா?

மூன்று, எந்த நாட்டு ஸ்பானிய மொழி? உங்கள் தேவைக்கு எது சரி?

நான்கு, முதல் சில பாடங்களை இலவசமாகப் பார்க்கலாமா? பிடிக்காவிட்டால் பணம் திரும்புமா? இதை எழுத்தில் பார்த்த பிறகே கட்டுங்கள்.

ஐந்து, எந்த நிலை வரை கொண்டுபோகும் என்று ஏ1, ஏ2 கணக்கில் சொல்கிறார்களா, அல்லது ‘சரளம்’ என்ற ஒரே வார்த்தைதானா?

இரண்டு பயிற்சிக்கு மேல் ஒரே நேரத்தில் வேண்டாம். ஒன்று காதுக்கு, ஒன்று எழுத்துக்கு. அதோடு மூன்று பத்தி போட்ட ஒரு நோட்டு: தமிழ், மலாய், ஸ்பானியம்.

இப்போது எட்டு மாதமாகிறது. தினம் அரை மணிக் கணக்கில் 120 மணி நேரம். நான் சரளமாகப் பேசவில்லை. போன மாதம் சிலி நாட்டிலிருந்து வந்த ஒரு தம்பதி கடை முன் நின்றார்கள். “நோ தியேனே மனீ, கச்சான் இல்லை” என்றேன், பதற்றத்தில் தமிழையும் சேர்த்து. அவர்கள் சிரித்துவிட்டு மளமளவென்று ஏதோ கேட்டார்கள். பாதிதான் புரிந்தது. மெதுவாகச் சொல்லச் சொன்னேன். முட்டை உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றேன். ஆறு வடை வாங்கினார்கள். அந்தப் பையனின் குடும்பம் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் அடுத்து வரும் தாய்க்குப் பதில் சொல்ல முடியும்.

அம்மாவுக்கு மறுபடி கூட்டு விழுந்தது. பணத்தை எண்ணிக்கொண்டே, “இந்தத் தடவ படிப்புக்கு எவ்வளவும்மா வேணும்?” என்று கேட்டார்.

“நோட்டு முடிஞ்சிருச்சும்மா. மூணு வெள்ளி குடுங்க, போதும்” என்றேன்.