டிக்கி அதிர்ந்தால் போதாது

காரின் டிக்கியில் பேஸ் ஒலிக்கென்றே இருக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கரைப் புதிதாகப் பொருத்தியவர், நண்பரை ஏற்றிக்கொண்டு முதலில் போடுவது கைவசம் இருப்பதிலேயே பேஸ் அதிகமான பாட்டைத்தான். நம்பர் பிளேட் கடகடக்கும், ரியர் வியூ கண்ணாடியில் பின்னால் நிற்கும் வண்டி கலங்கித் தெரியும், நண்பரும் ‘செம’ என்பார். ஆனால் அந்தப் பாட்டு வூஃபரைப் பற்றி அநேகமாக எதையுமே சொல்லவில்லை என்பதுதான் என் கட்சி. ஒரே சுருதியில் விடாமல் இடிக்கும் பாட்டு, மட்டமான வூஃபரையும் உசத்தியாகக் காட்டிவிடும். பேஸ் ஏறி இறங்கி, நடுநடுவே சட்டென்று நின்றும் போகிற பாட்டில்தான் நல்ல வூஃபரின் அருமை தெரியும்.

காரணம் காருக்குள்ளேயே இருக்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 8.5 மீட்டர், காரின் உட்புறமோ அதில் பாதிகூட வராது. அலை விரிய இடமில்லாததால், கண்ணாடி ஏற்றிய காருக்குள் இருக்கும் காற்று முழுவதும் ஒருசேர அழுந்தி விலகுகிறது. அதனால் சுமார் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக, வீட்டு ஹாலில் கேட்பதைவிடப் பலமாகவே கேட்கும். கார் இலவசமாகத் தரும் பேஸ் இது. இதோடு வூஃபரை வைத்திருக்கும் பெட்டியும் சேர்ந்துகொள்கிறது. துளை வைத்த பெட்டியை ஒரு குறிப்பிட்ட சுருதிக்கு, வழக்கமாக 30-லிருந்து 40 ஹெர்ட்ஸுக்குள், ட்யூன் செய்திருப்பார்கள். அந்த இடத்தில் ஒலி எம்பும். பாட்டின் பேஸ் தற்செயலாக அங்கே விழுந்தால் வண்டி குலுங்கும். மோசமாகக் கட்டிய பெட்டியில் அதே பேஸ் சில சுரம் தள்ளி விழுந்தால் ஆளையே காணோம்.

இந்த பேஸ் பித்தில் ஆழமாக இறங்கியவர்கள் அமெரிக்காவின் மயாமிக்காரர்கள். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-ல் டிஆர்-808 என்ற தாள இயந்திரத்தைக் கொண்டுவந்தது. நிஜ டிரம் போல இல்லை என்று பலரும் ஒதுக்க, சுமார் 12,000 இயந்திரங்களோடு 1983-ல் உற்பத்தி நின்றுபோனது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்ததை ஹிப் ஹாப் இளைஞர்கள் வாங்கினார்கள். அதன் பேஸ் டிரம்முக்கென்று ஒரு திருகு உண்டு. அதைத் திருப்பினால், ‘தும்’ என்று முடிய வேண்டிய அடி ‘தும்ம்ம்ம்’ என்று நீளும். 1980-களின் நடுவில் அந்த நீண்ட அடியை நம்பியே மயாமி பேஸ் என்ற இசைவகை கிளம்பியது. பிறகு கார் வூஃபர்களுக்கென்றே ஆல்பங்கள் வந்தன. அவற்றில் சிலவற்றில் பாட்டோடு, வெவ்வேறு சுருதிகளைத் தனித்தனியே ஒலிக்கவிடும் சோதனை ஒலிகளும் இருந்தன. வெறும் இடி போதாது என்பது அந்த ஊர்க்காரர்களுக்கே தெரிந்திருந்தது.

ஏறி இறங்கும் பேஸுக்கு நம் பாட்டுகளில் பஞ்சமே இல்லை. இளையராஜாவின் 80-களின் பாடல்களில் பேஸ் கிதார் பாடகருக்குக் கீழே தனி மெட்டாகவே நடக்கும். சாதாரண பேஸ் கிதாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அங்கிருந்து மேலே அது படியேறும்போது ஒவ்வொரு சுரமும் ஒரே பலத்தில் கேட்கிறதா, ஏதாவது ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று கவனித்தாலே பெட்டியின் யோக்கியதை வெளுத்துவிடும். பறை அதிரும் குத்துப்பாட்டு உற்சாகம் தரும், மறுக்கவில்லை. ஆனால் பறையின் வீச்சைக் கதவிலுள்ள ஸ்பீக்கரே கொடுத்துவிடும். வூஃபருக்கு அங்கே பெரிய வேலையில்லை. செல்போனில் கேட்டுப் பாட்டைத் தேர்ந்தெடுப்பதும் வீண். போனின் ஸ்பீக்கரால் ஆழ்ந்த பேஸை எழுப்பவே முடியாது. மேல் சுருதிகளைக் கேட்டு, இல்லாத அடிச்சுருதியை நம் மூளைதான் நிரப்பிக்கொள்கிறது.

‘பரிசோதனையா நடத்துகிறோம்? வந்தவர் மிரள வேண்டும், அவ்வளவுதானே’ என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் மிரள்வதற்கும் அமைதி வேண்டும். 1979-ல் டெலார்க் நிறுவனம் வெளியிட்ட ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் ‘1812’ இசைத்தட்டில் நிஜ பீரங்கி வெடியைப் பதிவு செய்து, ஸ்பீக்கர் ஜாக்கிரதை என்று உறையிலேயே எச்சரித்திருந்தார்கள். பத்து நிமிடத்துக்கும் மேல் வாத்தியங்களைக் கேட்டுப் பழகிய காதில் விழுவதால்தான் அந்த வெடி தூக்கிவாரிப் போடுகிறது. முதல் நொடியிலிருந்தே இடித்துக்கொண்டிருக்கும் பாட்டு கொஞ்ச நேரத்தில் வெறும் இரைச்சலாகப் பழகிப்போகும். ‘பேஸ் பூஸ்டட்’ என்று யூடியூபில் குவிந்து கிடப்பவை இன்னும் மோசம். அளவுக்கு மீறி ஏற்றியதில் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, கரகரப்பும் பேஸோடு சேர்ந்தே வரும். துளை வைத்த பெட்டியில், அதன் சுருதிக்கும் கீழான ஒலியை முழு வால்யூமில் விட்டால், பிடிமானம் இல்லாமல் வூஃபரின் கூம்பு எல்லை தாண்டி ஆடும். வூஃபரின் கம்பிச்சுருள் கருகிப்போகவும், கூம்பு கிழியவும் வழியுண்டு.

ஆகவே அடுத்த முறை காட்டும்போது வண்டியை ஓரமாக நிறுத்துங்கள், கண்ணாடியை ஏற்றுங்கள், பேஸ் பூஸ்ட் பட்டனை அணைத்துவிடுங்கள். பேஸ் கிதார் நன்றாக நடமாடும் பாட்டு ஒன்றை முதலில் போடுங்கள். 808 இடியை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.